ஸ்போர்ட் பட்டன் வண்டியை இறக்காது

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. எர்ணாகுளத்தில் ஒருவரிடம் 2014 மாடல் பி.எம்.டபிள்யூ. 530டி எம் ஸ்போர்ட் வாங்கியிருக்கிறேன். 92,000 கிலோமீட்டர் ஓடியது. கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மாற்றினால் ஷாக் அப்சார்பர் தானாக இளகி இறுகுகிற வகை. வண்டி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது. 40 மி.மீ. இறக்கலாம் என்று ஆசை. கோவையில் ஒரு கடையில், காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய செட்) போட்டு, டேஷ்போர்டில் எரர் வராமல் இருக்க ஒரு மாட்யூலும் மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். இங்கே ஒரு மெக்கானிக், ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதும், காசு மிச்சம் என்கிறார். நண்பனோ, ஸ்போர்ட் மோடிலேயே வைத்து ஓட்டு, வண்டி கொஞ்சம் இறங்கிவிடும் என்கிறான். எதைக் கேட்பது? ஹைவேயில் பிடிப்பு கூடுமா? இங்கே எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) கெடுபிடி வேறு. தினமும் தோப்புக்கும் வீட்டுக்கும், வாரம் இரண்டு முறை கோவைக்கும் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் ஏறுவார்கள்.

பதில்:

தம்பி, 40 மி.மீ. வேண்டாம். ஆசை அடங்கவில்லை என்றால் 20, மிஞ்சினால் 25. அதுவும் இப்போது வண்டியில் இருக்கிற நான்கு ஷாக்கும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் நண்பரின் கணக்கை முடித்துவிடுவோம்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வதும் அதுதான். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. உங்கள் வண்டியில் ஷாக்கோடு மின்சாரத்தில் இயங்கும் வால்வு இருக்கிறது. ஸ்போர்ட் அழுத்தினால் அந்த வால்வு எண்ணெய் போகும் வழியைக் குறுக்கும், கம்ஃபர்ட்டில் அகலமாகத் திறக்கும். நடுவில் ரோட்டைப் பார்த்து நொடிக்குப் பலமுறை தானாகவே மாற்றிக்கொண்டும் இருக்கும். உயரத்துக்கும் பட்டனுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் நண்பர் மெர்சிடிஸ் ஏர்மேட்டிக் மாதிரி காற்றுப் பை வண்டிகளைப் பார்த்திருப்பார். அங்கே ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் பை இருப்பதால் பட்டனில் ஏறும், இறங்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாக்காரர்கள் டி.சி.சி. என்று சொல்வதும் உங்கள் வண்டி மாதிரி ஷாக் மட்டும் மாறும் வகைதான். 2002இல் காடிலாக்கில் முதலில் வந்த காந்த எண்ணெய் ஷாக் இன்னொரு ரகம். அதில் வால்வு கிடையாது, எண்ணெயிலேயே இரும்புத் துகள் கலந்திருக்கும், காந்தப் புலம் பட்டதும் எண்ணெய் தடித்துவிடும். அதிலும் உயரம் மாறாது.

ஆக, வண்டி இறங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைத் தொட்டே ஆக வேண்டும். தொடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

சக்கரம் மேலே ஏறுவதற்கு ஒரு அளவு இடம் இருக்கிறது. அந்த இடம் முடிந்தால் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் முட்டும். 40 மி.மீ. இறக்கினால் அந்த இடத்தில் 40 மி.மீ. காலி. மிச்சமிருக்கிற கொஞ்ச தூரத்துக்குள் அதே குழியின் அடியை வாங்க வேண்டும் என்பதால்தான் லோயரிங் ஸ்பிரிங் எல்லாம் கம்பெனி ஸ்பிரிங்கைவிட விறைப்பாகச் செய்யப்படுகின்றன. இறக்கிய வண்டி ‘தட தட’ என்று அடிப்பதற்கு இந்த விறைப்பு பாதிக் காரணம். வண்டி ரோட்டில் பாதி நேரம் ஸ்பிரிங்கில் ஓடாமல் பம்ப் ஸ்டாப்பில் ஓடுவது மீதிக் காரணம். பலர் ஷாக்கைத் திட்டுவார்கள், ஆனால் குற்றவாளி அந்த ரப்பர் கட்டைதான்.

விறைப்பு கூடினால் இன்னொன்றும் நடக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு 30 சதவீதம் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும். அதே ஷாக்கை அப்படியே விட்டால் அந்த ஆட்டத்தை அடக்கும் விகிதம் சுமார் 12 சதவீதம் குறையும். சாதா ஷாக் உள்ள வண்டியில் இது உடனே தெரியும்: பாலம் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று முறை எம்பும். உங்கள் வகை வண்டிக்கு இங்கேதான் ஒரு லாபம். வால்வுக்கு இளக்கத்திலிருந்து இறுக்கம் வரை அகலமான வீச்சு இருப்பதால், மிதமான லோயரிங் ஸ்பிரிங்கை அது தன் வீச்சுக்குள்ளேயே சமாளித்துக்கொள்ளும். 20, 25 மி.மீ.க்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். அதற்கு மேல் இழுத்தால் கம்ஃபர்ட் என்ற பெயர் மட்டும் பட்டனில் மிஞ்சும்.

இப்போது உங்கள் ஷாக்குகளின் நிலைமைக்கு வருவோம். வேறு எதைவிடவும் இதில்தான் கவனம் வேண்டும்.

பத்து வருஷத்துக்கு மேலான வண்டி. 92,000 கிலோமீட்டர் உண்மையான எண் என்றே வைத்துக்கொள்வோம். கடையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு எரரும் இல்லை, ஷாக் பக்கா” என்பார்கள். தோப்பு வைத்திருக்கிறவர் நீங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று விளக்கும் எரிகிறது என்பதை வைத்து போர்வெல்லில் தண்ணீர் ஏறுகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்களா இல்லையா? ஸ்கேனர் பார்ப்பது வால்வின் காயிலுக்கு மின்சாரம் போகிறதா, ஒயர் அறுந்திருக்கிறதா, சென்சார் பேசுகிறதா என்பதைத்தான். உள்ளே எண்ணெய் குறைந்ததையும், கேஸ் போனதையும், சீல் தேய்ந்ததையும் ஸ்கேனர் பார்க்காது. எரர் இல்லாத செத்த ஷாக் என் லிஃப்ட்டில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறது.

அதனால் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டும். லிஃப்ட்டில் ஏற்றி, டஸ்ட் பூட் என்கிற தூசி உறையைத் தூக்கி, ஷாக்கின் ராடைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான ஈரப் படலம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து மண் பிடித்திருந்தால் அந்த ஷாக் முடிந்துவிட்டது. பம்ப் ஸ்டாப்பைப் பிடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது விரலோடு உதிர்ந்து வரும். மேல் மவுன்ட், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ், ஸ்டேபிலைசர் லிங்க் எல்லாவற்றையும் கம்பி விட்டு நெம்பிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது, கம்ஃபர்ட்டில் வைத்து நீளமான ஒரு மேடு இறங்கிய பிறகு உடம்பு எத்தனை முறை எம்புகிறது என்று கவனியுங்கள், அதையே ஸ்போர்ட்டில் செய்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் ஷாக் போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது. ஷாக் போன வண்டியில் லோயரிங் ஸ்பிரிங் போடுவது வீண் செலவு. சில மாதத்தில் நான்கு ஷாக்கும் மாற்றச் சொல்லும். பழியைப் புது ஸ்பிரிங் மேல் போட்டுவிட்டு நிற்பீர்கள்.

கூடவே ஒரு சின்னச் சோதனை. ராடின் மேல் ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டி, ஷாக் உடம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் போகிற தோப்பு ரோட்டிலும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி ரோட்டிலும் ஒரு நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால் ஷாக் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை அந்த டை காட்டும். இப்போதே பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கிறது என்றால், இறக்குவதற்கு உங்களிடம் இடம் கிடையாது. கடைக்காரரின் பேச்சையும் என் பேச்சையும்விட அந்த டை சொல்வதை நம்பலாம்.

அடுத்தது வேகத்தடை. நம் எல்லைப் பக்கத்து ரோடுகளில் இதைப் பேசாமல் லோயரிங் பேச முடியாது. ரோட்டுக்கு அளவுகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் விதித்த வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்காகப் போட்ட அளவு. உங்கள் வண்டியின் அச்சு இடைவெளி 2,968 மி.மீ. அதாவது சரியான வேகத்தடை என்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அதன் மேலேயே நிற்கும். கணக்குப் போட்டால் வண்டியின் வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது வெறும் 6.5 செ.மீ. மெதுவாகப் போனால் இறக்கிய வண்டியும் தாண்டிவிடும்.

ஆனால் அப்படிப்பட்ட வேகத்தடையை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களே தார் கொட்டிப் போட்டது, இரண்டடி அகலத்தில் திண்ணை மாதிரி நிற்பது, பைப் போட்ட பிறகு மண்ணை மூடி விட்ட மேடு, இவைதானே நம் பக்கம்? அங்கே முன் சக்கரம் இறங்கியதும் மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே நிற்கும். உங்கள் வண்டியில் யாரும் ஏறாமல் இருக்கும்போது அடி உயரம் சுமார் 14 செ.மீ. வீட்டில் நான்கு பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் 3 செ.மீ. வரை இறங்கும் என்று வையுங்கள். நீங்கள் 4 செ.மீ. குறைத்தால் மிஞ்சுவது 7. மேடோ 10, 12. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இறக்கி நடக்க விட்டு மேடு தாண்டுகிற பையன்களை எனக்குத் தெரியும். பொல்லாத கோபம் வரும் அந்த அம்மாக்களுக்கு.

ஹைவே பிடிப்பைக் கேட்டீர்கள். வாளையாறு வழியாக 544 தேசிய நெடுஞ்சாலையில் போகும்போது, ஆடி மாதக் கணவாய்க் காற்றுக்கு இறக்கிய வண்டி அசையாது என்று ஒரு பேச்சு உண்டு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, 3 செ.மீ. இறக்கினால் வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் எடை சுமார் 5 சதவீதம்தான் குறையும். நல்ல டயர் ஒரு செட் அதைவிட அதிகம் தரும். இதில் ஒரு கோணல் வேறு இருக்கிறது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (கீழே ஒரு கை மட்டும், மேலே ஷாக்கே சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளை ரொம்ப இறக்கினால் கீழ்க் கை சாய்ந்து, வண்டி உருளும் மையம் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். பார்க்கத் தாழ்வாக இருக்கும், வளைவில் முன்பைவிடச் சாயப் பார்க்கும். உங்கள் வண்டியில் (எஃப்10 தலைமுறை) முன்பக்கம் மேலும் கீழும் கைகள் உள்ள இரட்டை விஷ்போன் என்பதால் அந்த ஆபத்து குறைவு. இருந்தாலும் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நாள் முழுக்க ஓட்டப் போகிறவருக்குத்தான் அந்த 5 சதவீதம் கையில் தெரியும். உங்களுக்கு வேண்டியது அழகு. அழகுக்காக இறக்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அழகுக்கு என்று தெரிந்துகொண்டு செய்தால் 20 மி.மீ.யிலேயே திருப்தி வந்துவிடும், பிடிப்புக்கு என்று நம்பிக்கொண்டால் 40க்குப் போவீர்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றிச் சுருக்கமாக: கூடாது. ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் உட்காரும்படி வளைத்துச் செய்யப்பட்டது. வெட்டிய முனை சரியாக உட்காராது, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகரும். கேஸில் அறுத்தால் இரும்பின் பதமும் போய்விடும். அந்த மெக்கானிக் நல்ல மனிதராக இருக்கலாம். இந்த வேலையை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

கோவைக் கடைக்காரர்கள் சொன்ன காயில்ஓவர்-மாட்யூல் வழி வெட்டுவதைப் போல அநியாயம் இல்லை. ஆனால் அவர்கள் என்ன விற்கிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறதா? அந்தக் காயில்ஓவரில் மின்வால்வு கிடையாது. கம்பெனி ஷாக்கைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் “ஷாக்கைக் காணோம்” என்று கத்தும். மாட்யூல் என்பது அந்த வால்வின் மின்தடையைப் போலவே காட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றும் ஒரு பெட்டி. விளக்கு எரியாது. ஆனால் அதற்குப் பிறகு ஸ்போர்ட், கம்ஃபர்ட் பட்டன் ஆக்ஸிலரேட்டரையும் கியரையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் மாற்றும், ஷாக் ஒரே பதத்தில் நிற்கும். எந்த வசதிக்காக இந்த வண்டியைத் தேடி வாங்கினீர்களோ, அதைக் காசு கொடுத்துக் கழற்றிப் போடுகிறீர்கள். உங்கள் கம்பெனி ஷாக் நான்கும் செத்துப் போயிருந்து, புதிது வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் மட்டும் இதை யோசிக்கலாம். அப்போதும் உயரத்தை அதிகம் குறைக்காமல் பூட்டச் சொல்லுங்கள். காயில்ஓவரில் உயரத்தைத் திருகி வைக்கலாம் என்பது அதன் நல்ல குணம்.

வசதி இருப்பவர்களுக்கு மின்வால்வோடு வரும் காயில்ஓவரும் இருக்கிறது. கே.டபிள்யூ., பில்ஸ்டீன் போன்றவர்கள் கம்பெனிப் பிளக்கிலேயே மாட்டுகிற வகை செய்கிறார்கள். விலை லட்சங்களில் போகும். நடுவில் ஒன்று: கம்பெனி ஷாக் அப்படியே இருக்க, ஸ்பிரிங்கும் அதன் உயரம் திருகும் வளையமும் மட்டும் மாற்றுகிற கிட். நான்கு ஷாக்கும் நன்றாக இருந்தால் எனக்குப் பிடித்தது அதுதான். முன்னும் பின்னும் நமக்கு வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் செலவு அதிகம் என்றால் சாதாரண லோயரிங் ஸ்பிரிங்.

ஸ்பிரிங் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஒன்று, முன் அச்சு எடை. உங்களுடையது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், மூக்கு கனம். நான்கு சிலிண்டர் வண்டியின் ஸ்பிரிங்கை மாட்டினால் முன்பக்கம் சொன்னதைவிட அதிகம் உட்கார்ந்துவிடும். உங்கள் வண்டியின் தகட்டில் 1, 2 என்று எண் போட்டு ஒவ்வொரு அச்சுக்கும் அதிகபட்ச எடை அச்சடித்திருக்கும். ஸ்பிரிங் கம்பெனியின் பட்டியலிலும் அதற்கான வரம்பு இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும், மின்ஷாக் உள்ள வண்டிக்கு ஏற்றது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பெட்டியில் 30 மி.மீ. என்று போட்டிருப்பது எதிலிருந்து 30 என்பது. ஐரோப்பாவில் எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் சாதா வண்டியைவிட 10 மி.மீ. தாழ்வானது. நம் நாட்டுக்கென்று வருகிற ஜெர்மன் வண்டிகளில் பல, மோசமான ரோட்டுக்காக உயர்த்தியவை. உங்களுடையது சென்னைத் தொழிற்சாலையில் பூட்டியதா, எந்த ஸ்பிரிங்கோடு வந்தது என்பதைச் சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்க்கலாம். உயர்த்திய வண்டியில் அந்த ஸ்பிரிங்கைப் போட்டால், பெட்டியில் 30 என்று இருந்தாலும் கண்ணெதிரே 40க்கு மேல் இறங்கி நிற்கும்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளக்காதீர்கள். டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு சக்கரத்துக்கும். டேங்க் நிறைய டீசல், சமதளம், டிக்கி காலி. நான்கு எண்ணும் சேர்ந்துதான் உங்கள் வண்டியின் ஜாதகம். இடமும் வலமும் இப்போதே 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசிச் சுற்று உடைந்து இருக்கையில் ஒளிந்துகொண்டிருக்கும் ஸ்பிரிங் நிறையப் பார்க்கிறேன்.

வேலை நடக்கும்போது கடையில் நீங்கள் நிற்க வேண்டும், நின்று மூன்று இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். ஷாக்கைக் கழற்றும்போது அதன் ஒயரில் தொங்க விடக்கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி லிஃப்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் முறுக்கிய இடத்தையே தன் நடுநிலை என்று வைத்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், புஷ் நாள் முழுக்கத் திருகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்கிற கடையா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, உயர சென்சார். கன்ட்ரோல் ஆர்மிலிருந்து ஒரு சின்னக் கம்பியில் போகும் அது, சக்கரம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இறக்கிய பிறகு, வண்டி எப்போதும் பாதி அமுங்கியே இருப்பதாக அது நினைக்கும். புது அளவுகளைக் கொடுத்து அதற்கு மறுபடி நிலை காட்ட வேண்டும். கம்பெனி மென்பொருளோ அதே வேலையைச் செய்யும் ஸ்கேனரோ இருந்தால்தான் முடியும். ஹெட்லைட்டின் தானியங்கி உயரமும் அதே சென்சாரை நம்பித்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பெரிதாகத் தெரியாது, ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தால் வேலந்தாவளம் ரோட்டில் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பீர்கள், அல்லது உங்கள் முன்னால் பத்தடிக்கு மேல் வெளிச்சம் இருக்காது. காற்றுப் பை வண்டிக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றி சென்சாரை ஏமாற்றி இறக்குவது மலிவு வழிதான். ஆனால் பை தப்பான இடத்தில் மடிந்து உரசும். பை போனால் கம்ப்ரஸரும் ஓய்வில்லாமல் ஓடி அதோடு போகும்.

இனி எம்.வி.டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; வழக்கு கேரளத்திலிருந்தே போனது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். கேரளத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். ஜெர்மன் ஸ்பிரிங்கோடு டி.யூ.வி. என்கிற அந்த நாட்டுத் தரச் சோதனை அமைப்பின் காகிதம் வரும். பொருள் தரமானது என்பதற்கு அது சாட்சி, சித்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அது செல்லாது. 20 மி.மீ. யார் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். ரோட்டில் தெரியாமல் போகலாம். பெரிய விபத்து ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் கீழே குனிந்து பார்க்கும்போது சிவப்புப் பெயின்ட் அடித்த ஸ்பிரிங் பளிச்சென்று தெரியும். இந்த இடரை எடுப்பதா வேண்டாமா என்பதை நான் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. வீட்டில் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டவர் அப்பா என்றால் அவரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

என் வண்டியாக இருந்தால் என்ன செய்வேன்? முதலில் புஷ், மவுன்ட், பம்ப் ஸ்டாப், தேவையான ஷாக் எல்லாம் புதிது. ஷாக் மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து. ரன்ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) தேயும்போது அதே அளவில் நல்ல சாதா டயர். பக்கச் சுவர் இளகியது என்பதால் வண்டியின் நடையே மாறிவிடும். ஸ்டெப்னி இல்லாத வண்டி என்பதால் பஞ்சர் கிட்டும் காற்று பம்ப்பும் டிக்கியில் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் அதன் பிறகு இறக்கும் ஆசை பாதியாகக் குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் 20 மி.மீ.

இறக்கிய அன்றே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல் பகுதி, கொஞ்சம் உள்ளே சாய்வதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். பின் சக்கரத்தின் டோவையும் சரி செய்து, முன்பு-பின்பு அளவு இரண்டும் உள்ள பிரின்ட்டைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். ஸ்டீயரிங் கோண சென்சாரையும் கையோடு நேர்ப்படுத்தச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னும் சில மி.மீ. உட்காரும். அப்போது அந்த நான்கு இடத்தையும் மறுபடி அளந்து, அலைன்மென்ட்டும் சென்சாரும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு முறைக்குத்தான் பணம் பேசியிருக்கிறோம் என்று கடையில் சொல்வார்கள், முன்கூட்டியே பேசி வையுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங் நான்கையும் இடம், வலம், முன், பின் என்று எழுதிச் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் போடுங்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.